குடும்பத்தோடு பல மாதம் வெளிநாட்டில்: திரும்பும் தேதியிலிருந்து தொடங்குங்கள்

நாங்கள் நான்கு பேர். கணவன், மனைவி, 7 வயது மகள், கிளம்பும்போது ஒன்றேகால் வயதாக இருந்த மகன். 11 மாதம் நாடு நாடாக இருந்துவிட்டு வந்தோம். கிளம்பும் முன் நான் தேடிப் படித்ததெல்லாம் எந்த ஊரில் என்ன பார்க்கலாம் என்பதைப் பற்றித்தான் இருந்தது. நடுவழியில் பாஸ்போர்ட் சிக்கினால் என்ன செய்வது, வங்கியின் ஓடிபி வராவிட்டால் யாரைக் கேட்பது, நான்காவது மாதத்தில் பிள்ளை வீட்டுக்குப் போகலாம் என்று அழுதால் எப்படிச் சமாளிப்பது என்று யாரும் எழுதியிருக்கவில்லை. எல்லாவற்றையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். அந்த அலைச்சலும் வீண் செலவும் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். இரண்டு வாரச் சுற்றுலாவுக்கு இவ்வளவு தேவையில்லை, ஆனால் பிள்ளைகளோடு மூன்று மாதத்துக்கு மேல் போகிறீர்கள் என்றால் பொறுமையாக முழுவதும் படியுங்கள்.

1. திரும்பும் தேதியை முதலில் எழுதுங்கள்

ஒரு தாளில் நீங்கள் திரும்பி வரும் தேதியை எழுதுங்கள். தோராயமாக இருந்தாலும் போதும், அதோடு ஒரு மாதம் கூட்டிக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே காலாவதித் தேதி உள்ள எல்லாவற்றையும் வரிசையாக எழுதுங்கள்: ஒவ்வொருவருடைய பாஸ்போர்ட், விசாக்கள், காப்பீடு, வங்கிக் கார்டுகள், ஓட்டுநர் உரிமம், ஊர் சிம், தினசரி மருந்துக்கான சீட்டு, வீட்டு வாடகை ஒப்பந்தம். மேலே எழுதிய தேதிக்கு முன்னால் எது முடிகிறதோ அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

நாங்கள் கிளம்பும் நாளில் எல்லாம் செல்லுமா என்று மட்டும் பார்த்தோம். அன்றைக்கு எல்லாமே செல்லத்தான் செய்தது. காப்பீடு 90ஆம் நாளோடு நின்றது, என் டெபிட் கார்டு ஐந்தாம் மாதம் காலாவதியானது, மகளின் பாஸ்போர்ட் ஏழாம் மாதம் எங்களை ஒரு விமான நிலையத்தில் நிறுத்தியது. மூன்றுமே கிளம்பும் முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

வேலைகளை எப்போது தொடங்குவது என்று கேட்டால், 6 மாதம் முன்னால் பாஸ்போர்ட், 4 மாதம் முன்னால் முதல் விசாவும் பள்ளி அனுமதியும், 2 மாதம் முன்னால் தடுப்பூசியும் காப்பீடும், ஒரு மாதம் முன்னால் வங்கியும் சிம்மும். விசா நேர்காணலுக்கான தேதி கிடைப்பதே விடுமுறைக் காலத்தில் வாரக்கணக்கில் தள்ளிப்போகும் என்பதால் இதைவிடத் தாமதிக்காதீர்கள்.

2. பாஸ்போர்ட்

பல நாடுகள் நீங்கள் அங்கே நுழையும் நாளிலிருந்து இன்னும் 6 மாதம் பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும் என்று கேட்கின்றன. சில நாடுகளில் வெளியேறும் நாளிலிருந்து கணக்கு. ஐரோப்பாவில் ஒரே விசாவில் சுற்றக்கூடிய நாடுகள் சேர்ந்த ஷெங்கன் பகுதிக்கு, அங்கிருந்து வெளியேறும் நாளுக்குப் பின் குறைந்தது 3 மாதம் இருக்க வேண்டும், பாஸ்போர்ட் கடந்த 10 ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும். ஆகவே நீங்கள் பார்க்க வேண்டியது, பயணத்தில் கடைசியாக நுழையப்போகும் நாட்டின் தேதியிலிருந்து 6 மாதம். 11 மாதப் பயணம் என்றால் கிளம்பும் நாளில் கிட்டத்தட்ட ஒன்றரை ஆண்டு மிச்சம் இருப்பதுதான் பாதுகாப்பு.

குழந்தைகளின் பாஸ்போர்ட்டில்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறோம். பெரியவர்களுக்கு 10 ஆண்டுக்குக் கொடுக்கும் பல நாடுகளில் குழந்தைகளுக்கு 5 ஆண்டுதான். நம்முடையது புதிதாக இருப்பதால் பிள்ளையுடையதும் அப்படியே இருக்கும் என்று மனம் நம்பிவிடுகிறது. எங்கள் மகளுடைய பாஸ்போர்ட்டில் 5 மாதமும் சில நாள்களும் இருந்தன. செக்-இன் கவுண்டரிலேயே நிறுத்திவிட்டார்கள், 4 டிக்கெட்டும் போனது. விமான நிறுவனங்கள் டைமேட்டிக் என்ற தரவுத்தளத்தில் ஒவ்வொரு நாட்டின் விதியையும் பார்த்துத்தான் ஏற்றுகின்றன, தகுதியில்லாதவரை ஏற்றிச் சென்றால் அபராதமும் திருப்பி அழைத்து வரும் செலவும் அவர்கள் தலையில்தான் விழும் என்பதால் கவுண்டரில் எவ்வளவு கெஞ்சினாலும் பயனில்லை.

வெளிநாட்டில் இருக்கும்போது உங்கள் நாட்டுத் தூதரகத்தில் புதுப்பிக்கலாம். முடியாத காரியமில்லை, ஆனால் வாரக்கணக்கில் ஒரே ஊரில் காத்திருக்க வேண்டும், அதற்குள் அந்த நாட்டில் உங்கள் விசா நாள்கள் கரைந்துகொண்டிருக்கும். பழைய பாஸ்போர்ட்டில் இருக்கும் விசாக்களை அந்தந்த நாடு ஏற்குமா என்று தனித்தனியாகக் கேட்கவும் வேண்டும். ஊரிலேயே புதுப்பித்துவிடுங்கள்.

காலிப் பக்கங்களையும் எண்ணுங்கள். பல நாடுகள் குறைந்தது 2 வெற்றுப் பக்கம் கேட்கும். ஓரம் கிழிந்தது, தண்ணீரில் நனைந்தது, குழந்தை பேனாவால் கிறுக்கியது எல்லாம் சேதம் என்றே கணக்கு.

3. விசா: நாள்களை விரல்விட்டு எண்ணுங்கள்

விசா செல்லுபடியாகும் காலம் வேறு, தங்க அனுமதித்த நாள்கள் வேறு. விசாவில் ஓராண்டு என்று போட்டிருக்கும், ஆனால் ஒரு முறைக்கு 30 நாள்தான் தங்கலாம். நுழையும்போது குத்திய முத்திரையில் என்ன தேதி இருக்கிறது என்று கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன்பே நான்கு பேருடையதையும் பாருங்கள். எங்களுக்கு ஒருமுறை மூன்று பேருக்கு ஒரு தேதியும் மகனுக்கு வேறு தேதியும் குத்திவிட்டார்கள், அங்கேயே சொன்னதால் உடனே திருத்திக் கொடுத்தார்கள். கூடுதலாகத் தங்கினால் கட்ட வேண்டிய அபராதம் பல நாடுகளில் நாள்கணக்கில் ஏறும், அதை 4 பேருக்கும் பெருக்கிப் பாருங்கள்.

90 நாள் என்பதை மூன்று மாதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஜூலை 1 நுழைந்து செப்டம்பர் 30 வெளியேறினால் அது 92 நாள். நுழையும் நாளும் வெளியேறும் நாளும் முழு நாளாகவே கணக்கில் வரும் இடங்கள் உண்டு, ஷெங்கன் பகுதியில் அப்படித்தான்.

ஷெங்கனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீண்ட பயணத் திட்டங்கள் பலவும் அங்கேதான் உடைகின்றன. 29 நாடுகள் சேர்ந்து ஒரே கணக்கு. எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாளுக்கு மேல் இருக்கக்கூடாது. ஒரு நாட்டிலிருந்து அடுத்த நாட்டுக்குப் போனால் கணக்கு புதிதாகத் தொடங்காது, பகுதியை விட்டு ஒரு வாரம் வெளியே போய்வந்தாலும் தொடங்காது. ஒவ்வொரு நாளும் அன்றிலிருந்து பின்னோக்கி 180 நாளைப் பார்ப்பார்கள். விசா தேவைப்படும் பாஸ்போர்ட் உங்களுடையது என்றால் இன்னும் இரண்டு கட்டுப்பாடு. பயணத்துக்கு 6 மாதத்துக்கு முன்னால் விண்ணப்பிக்க முடியாது, பயணத்துக்கு 15 நாள் இருப்பதற்குள்ளாவது விண்ணப்பித்துவிட வேண்டும். அதோடு, பொதுவாக நீங்கள் சட்டப்படி வசிக்கும் நாட்டிலிருந்துதான் விண்ணப்பிக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்: ஐரோப்பாவை எட்டாவது மாதத்துக்கு வைத்தால் கிளம்பும் முன் விண்ணப்பிக்கவும் முடியாது, நடுவழியில் வேறு நாட்டில் விண்ணப்பிப்பதும் பெரும்பாலும் நடக்காது. ஆகவே தூதரகம் வழியாக விசா எடுக்க வேண்டிய நாடுகளைப் பயணத்தின் முதல் பாதியில் வையுங்கள், மின்விசாவோ வந்திறங்கி எடுக்கும் விசாவோ போதுமான நாடுகளைப் பின்பாதிக்குத் தள்ளுங்கள். எங்கள் வரைபடத்தை இதற்காகவே தலைகீழாக மாற்றினோம்.

ஷெங்கன் விசாவுக்கு முடிவு சொல்ல வழக்கமாக 15 நாள், சிலருக்கு 45 நாள் வரை போகும். அதுவரை பாஸ்போர்ட் அவர்களிடம்தான் இருக்கும், அந்த இடைவெளியில் வேறு விசாவுக்கு விண்ணப்பிக்க முடியாது. செலவைப் பொறுத்தவரை 6 வயதுக்குக் கீழே கட்டணம் இல்லை, 12 வயதுக்குக் கீழே பாதி. 12 வயது ஆகாதவர்களிடம் கைரேகையும் எடுக்க மாட்டார்கள்.

வெளியேறும் டிக்கெட்டைக் காட்டச் சொல்லும் நாடுகள் நிறைய. போலி முன்பதிவைக் காட்டும் யோசனையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள், பிள்ளைகளோடு இமிகிரேஷன் அறையில் உட்காரும் நிலை வரும். ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் டிக்கெட், அல்லது எல்லை தாண்டும் பேருந்து டிக்கெட் ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சுற்றுலா விசாவில் இருந்துகொண்டு ஆன்லைனில் வேலை செய்யலாமா என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும், பல இடங்களில் அனுமதி இல்லை. அதேபோல் ஒரே நாட்டில் ஆண்டுக்கு 183 நாளுக்கு மேல் இருந்தால் பல நாடுகளில் அங்கே வரி கட்ட வேண்டியவர் என்று ஆகிவிடும்.

4. பிள்ளைகளுக்கான காகிதங்கள்

இருவரும் கூடவே போகிறோம், சம்மதக் கடிதம் எதற்கு என்று நாங்கள் விட்டுவிட்டோம். ஆறாவது மாதத்தில் என் கணவர் ஒரு மரணத்துக்காக அவசரமாக ஊர் திரும்ப நேர்ந்தது. இரண்டு பிள்ளைகளோடும் நான் தனியாக அடுத்த எல்லையைத் தாண்டியபோது, தந்தையின் சம்மதம் எங்கே என்று கேட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார வைத்தார்கள். அவர்கள் மேல் தவறில்லை, பெற்றோரில் ஒருவர் மற்றவருக்குத் தெரியாமல் குழந்தையைக் கொண்டுபோவதைத் தடுக்கத்தான் அந்தக் கேள்வி. அன்றைக்குக் கையில் ஒரு தாள் இருந்திருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும்.

ஆகவே கிளம்பும் முன்பே இரண்டு கடிதம் தயார் செய்யுங்கள். தாய் தனியாகப் பிள்ளைகளோடு பயணம் செய்யத் தந்தையின் சம்மதம் ஒன்று, தந்தை தனியாகப் பயணம் செய்யத் தாயின் சம்மதம் ஒன்று. பாஸ்போர்ட் எண், பயணக் காலம், போகும் நாடுகள், தொடர்பு எண் எல்லாம் அதில் இருக்கட்டும். நோட்டரி முன் கையெழுத்திடுங்கள். ஆங்கிலத்தில் இருந்தால் பல இடங்களில் போதும்.

பெற்றோர் இருவர் பெயரும் உள்ள பிறப்புச் சான்றிதழின் அசல் ஒன்று கையில் வேண்டும். பெற்றோர் பெயரும் பிள்ளை பெயரும் ஒட்டாமல் இருந்தால் இன்னும் கட்டாயம், திருமணச் சான்றிதழையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்காவது பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கவோ நீண்ட கால அனுமதி கேட்கவோ எண்ணம் இருந்தால் சான்றிதழ் உண்மையானது என்று உங்கள் நாட்டு அரசு உறுதிசெய்யும் அப்போஸ்டில் முத்திரையை வாங்கி வாருங்கள். 1961ஆம் ஆண்டின் ஹேக் ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகளுக்கிடையே அந்த ஒரு முத்திரை போதும், சேராத நாட்டுக்குத் தூதரகம் வரை போய்ச் சான்று வாங்க வேண்டும். இதை வெளிநாட்டில் இருந்துகொண்டு செய்ய முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து இணையச் சேமிப்பில் ஒன்று, இருவர் போனிலும் இணையம் இல்லாமலே திறக்கும்படி ஒன்று, காகித நகல் ஒரு கட்டு. காகித நகலை அசல் இருக்கும் பையில் வைக்காதீர்கள், பை போனால் இரண்டும் போகும்.

5. தடுப்பூசியும் மருந்தும்

மருத்துவரைக் கிளம்புவதற்கு 6 முதல் 8 வாரம் முன்பே பார்த்துவிடுங்கள், சில ஊசிகளை இடைவெளி விட்டு இரண்டு மூன்று தவணையாகப் போட வேண்டியிருக்கும். குழந்தைக்குப் பயணத்தின் நடுவில் வரும் வழக்கமான தடுப்பூசித் தவணைகளையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

மஞ்சள் காய்ச்சல் ஊசியைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதன் சான்றிதழ் இல்லாவிட்டால் சில நாடுகள் உள்ளேயே விடாது. போட்ட 10ஆம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும், கிளம்புவதற்கு முந்தின நாள் போட்டுப் பயனில்லை. 2016 ஜூலை 11 முதல் அந்தச் சான்றிதழ் வாழ்நாள் முழுவதும் செல்லும். நோய் உள்ள நாட்டிலிருந்து வருபவர்களிடம் கேட்பார்கள், அந்த நாட்டு விமான நிலையத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் இடைத்தங்கலாக இருந்தாலும் கேட்கும் நாடுகள் உண்டு. மலிவான டிக்கெட்டுக்காக வழியை மாற்றும் முன் இதைப் பாருங்கள்.

தினசரி மருந்து சாப்பிடுபவர் இருந்தால் மருத்துவரின் கடிதத்தில் மருந்தின் வணிகப் பெயரோடு அதில் உள்ள மருந்துப் பொருளின் மூலப்பெயரும் இருக்கட்டும், வணிகப் பெயர் அடுத்த நாட்டில் யாருக்கும் தெரியாது. அசல் பெட்டியிலேயே, கைப்பையில் எடுத்துச் செல்லுங்கள். ஒரு நாட்டில் சாதாரணமாகக் கிடைக்கும் மருந்து இன்னொரு நாட்டில் கட்டுப்பாட்டில் இருக்கும். கோடீன் கலந்த இருமல் மருந்து, தூக்க மாத்திரை, கவனக்குறைபாட்டுக்கான மாத்திரை ஆகியவற்றை ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனியாகச் சரிபாருங்கள். ஒரு மாதத்துக்கான அளவை மட்டும் அனுமதிக்கும் நாடுகளும் உண்டு.

குழந்தைகளின் காய்ச்சல் மருந்து பற்றி ஓர் எச்சரிக்கை. பாராசிட்டமால் சிரப் 5 மில்லியில் 120 மில்லிகிராம், 160, 250 என்று நாட்டுக்கு நாடு வேறு வேறு அடர்த்தியில் வருகிறது, அமெரிக்காவில் அதற்குப் பெயரே அசிட்டமினோஃபென். ஊரில் கொடுத்த அதே 5 மில்லியை அங்கேயும் கொடுத்தால் அளவு இரண்டு மடங்காகிவிடலாம். உங்கள் பிள்ளைக்கு எத்தனை மில்லிகிராம் என்று மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள், மில்லி லிட்டரில் ஞாபகம் வைத்துக்கொள்ளாதீர்கள். பிள்ளையின் எடை ஏறினால் அளவும் மாறும்.

6. காப்பீடு

சுற்றுலாக் காப்பீடுகளில் ஆண்டு முழுவதும் என்று விற்கும் திட்டங்களைக் கவனமாகப் படியுங்கள். ஆண்டு முழுவதும் எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம், ஆனால் ஒரு பயணம் இத்தனை நாளுக்கு மேல் போகக்கூடாது என்று உள்ளே ஒரு வரி இருக்கும். 30, 45, 60, 90 என்று திட்டத்துக்குத் திட்டம் மாறும். எங்களுக்கு 90. அதை நாங்கள் கண்டுபிடித்தது 84ஆம் நாளில். ஏற்கெனவே வெளிநாட்டில் இருப்பவருக்குப் புதிதாகக் காப்பீடு தர பலர் மறுக்கிறார்கள், தருபவர்கள் முதல் சில நாள்களுக்கு எதுவும் கிடையாது என்கிறார்கள். இரண்டு நாள் தூங்காமல் தேடி ஒன்றை எடுத்தோம், விலையும் கூடுதல்தான்.

ஆகவே ஒரே பயணத்துக்கு எத்தனை நாள், வெளியில் இருந்தபடியே நீட்டிக்க முடியுமா, மருத்துவமனைக்கு அவர்கள் நேரடியாகக் கட்டுவார்களா அல்லது நாம் கட்டிவிட்டுக் கிளைம் செய்ய வேண்டுமா, விமானத்தில் ஊருக்குக் கொண்டுவரும் மருத்துவச் செலவு சேர்த்தியா, முன்பே இருக்கும் நோய்க்கு உண்டா, நடுவில் ஊருக்கு வந்துபோனால் காப்பீடு முறிந்துவிடுமா என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை, ஆனால் முறிந்துவிடும் திட்டங்கள் உண்டு. ஷெங்கன் விசாவுக்கு ஒருவருக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பு வேண்டும். வாடகை இருசக்கர வாகனத்தில் உரிய உரிமம் இல்லாமல் விழுந்தால் பெரும்பாலான காப்பீடு ஒரு காசு தராது.

7. பணம், கார்டு, ஓடிபி

என்னைப் பொறுத்தவரை இதுதான் அதிகம் அலைக்கழித்த விஷயம். கார்டு கையில் இருக்கும், கணக்கில் பணம் இருக்கும், ஓடிபி வராது. ஊர் எண்ணுக்கு ரோமிங் வசதியைக் கிளம்பும் முன்பே திறந்து வையுங்கள், சில நிறுவனங்களில் வெளியே வந்தபின் திறக்க முடியாது. ரீசார்ஜ் செய்யாமலோ பயன்படுத்தாமலோ விட்டால் எண்ணையே எடுத்து வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவார்கள், ஆகவே மாதாமாதம் நினைவூட்டல் வையுங்கள். வங்கியில் குறுஞ்செய்திக்குப் பதில் செயலி வழியாகவோ மின்னஞ்சல் வழியாகவோ சரிபார்க்கும் வசதி இருந்தால் ஊரிலேயே மாற்றி, ஒரு தடவை செய்து பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மின்னஞ்சலுக்குள் நுழையவே அதே எண்ணுக்கு ஓடிபி போகும்படி வைத்திருந்தால் அதையும் மாற்றுங்கள்.

கார்டுகள் குறைந்தது மூன்று. வேறு வேறு வங்கி, வேறு வேறு கார்டு நெட்வொர்க் (விசா, மாஸ்டர்கார்டு போல). ஒன்று என்னிடம், ஒன்று அவரிடம், ஒன்று பெட்டியின் அடியில். வாடகைக்கார் எடுக்கும் இடத்திலும் சில விடுதிகளிலும் கிரெடிட் கார்டைத்தான் கேட்பார்கள், ஒரு பெரிய தொகையைப் பிடித்து வைத்துவிட்டு நாள்கள் கழித்துத்தான் விடுவிப்பார்கள்.

ஏடிஎம்மோ கடையோ, உங்கள் ஊர்ப் பணத்தில் கழிக்கட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், உள்ளூர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். ஊர்ப் பணத்தில் தொகை தெரிவது வசதியாகத் தோன்றும், அந்த மாற்று விகிதத்தில் அவர்களுடைய லாபம் சேர்ந்திருக்கும். டாலர் நோட்டு கொஞ்சம் வைத்திருந்தால் புதிதாக, மடிப்பில்லாமல் இருக்கட்டும், கறை பட்ட நோட்டை வாங்க மறுக்கும் இடங்கள் இருக்கின்றன.

செலவைக் கணக்கிடும்போது தினசரிச் செலவை மட்டும் மாதத்தால் பெருக்கி நிறுத்திவிடாதீர்கள். இடம் மாறும் நாள்களின் செலவு தனி. டிக்கெட், வாடகைக்கார், வெளிச்சாப்பாடு, புது வீட்டில் உப்பிலிருந்து சோப்பு வரை திரும்ப வாங்குவது என்று எங்களுக்கு ஓர் இடமாற்றம் ஒரு வாரச் சாதாரணச் செலவுக்குச் சமமாக இருந்தது. திரும்பிய பிறகு வீட்டு முன்பணம், பள்ளிக் கட்டணம், வருமானம் மீண்டும் தொடங்கும் வரை இரண்டு மூன்று மாதச் செலவு, இவற்றுக்கான தொகையைக் கிளம்பும் முன்பே தனிக் கணக்கில் போட்டு, அதைத் தொடாதீர்கள்.

8. டிக்கெட்டும் பெட்டியும்

2 வயது நிறையாத குழந்தை மடியில் வரலாம், சர்வதேச விமானங்களில் வழக்கமாகப் பெரியவர் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் பயண நடுவில் 2 வயது நிறைந்தால் அதற்குப் பிந்தைய பயணத்துக்குத் தனி இருக்கை வாங்கியே ஆக வேண்டும். எங்கள் மகனுக்கு ஒன்பதாம் மாதத்தில் நிறைந்தது, திரும்பும் டிக்கெட்டில் அது புதுச் செலவாக வந்தது.

ஓட்டுவதாக இருந்தால் சர்வதேச ஓட்டுநர் அனுமதியை உங்கள் நாட்டிலேயே வாங்குங்கள். 1949ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்து ஒப்பந்தப்படி ஒன்று, 1968ஆம் ஆண்டின் ஒப்பந்தப்படி ஒன்று என்று இரு வகை உண்டு. முதல் வகை ஓராண்டுதான் செல்லும். ஜப்பான் 1949 வகையை மட்டுமே ஏற்கும். நீங்கள் போகும் நாடு எதை ஏற்கும் என்று பார்த்து வாங்குங்கள்.

பவர் பேங்க் கைப்பையில் மட்டும், 100 வாட்-மணி (Wh) அளவுக்கு உட்பட்டதாக. 20,000 எம்ஏஎச் என்பது சுமார் 74 வாட் மணி, பிரச்சினை இல்லை. சார்ஜரில் 100-240 வோல்ட் என்று போட்டிருந்தால் எங்கும் ஓடும், முடி உலர்த்தி போன்றவற்றில் பெரும்பாலும் ஒரே வோல்ட்தான் இருக்கும், வீட்டிலேயே விட்டுவிடுங்கள். உடை ஆளுக்கு ஆறு செட். அதற்கு மேல் எடுத்துப் போனதை எல்லாம் இரண்டாம் மாதத்தில் தானமாகக் கொடுத்தோம்.

9. புது ஊரில் முதல் 48 மணி நேரம்

இந்த இரண்டு நாளில் எதையும் சுற்றிப் பார்க்கப் போகாதீர்கள். உள்ளே நுழைந்ததும் முதல் வேலை, மண்டியிட்டுக் குழந்தை உயரத்தில் வீட்டைச் சுற்றி வருவது: பால்கனிக் கம்பி இடைவெளி, ஜன்னல் தாழ்ப்பாள், எரிவாயு, மின்துளைகள், சோப்புத் தூள் வைத்திருக்கும் அலமாரி. அப்புறம் குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாமா என்று கேளுங்கள். குழந்தை மருத்துவர் இரவிலும் இருக்கும் மருத்துவமனை எது என்று வரைபடத்தில் குறித்து, ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிடுங்கள். அவசர எண்ணைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் எழுதி ஒட்டுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 112 வேலை செய்யும்.

வீட்டு முகவரியை உள்ளூர் எழுத்தில் எழுதிய அட்டை ஒன்று ஒவ்வொரு பிள்ளையின் சட்டைப்பையிலும் இருக்கட்டும், பின்பக்கம் நம் இருவர் எண்ணும். வெளியே கிளம்பும் ஒவ்வொரு காலையிலும் பிள்ளைகளை ஒரு படம் எடுங்கள். கூட்டத்தில் காணாமல் போனால் என்ன நிறச் சட்டை என்று நமக்கு நினைவு வராது. எங்களுக்கு ஒரு ரயில் நிலையத்தில் பத்து நிமிடம் அப்படி நடந்தது, அந்தப் படத்தைக் காட்டித்தான் மகளைக் கண்டுபிடித்தோம்.

நேர வித்தியாசம் பழக ஒரு மணி வித்தியாசத்துக்கு ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். 6 மணி நேரம் தாண்டிப் போனால் முதல் வாரம் அதிகாலை 3 மணிக்கு எழும் பிள்ளைக்காக ஒருவர் சீக்கிரம் தூங்கப் போக வேண்டியதுதான். முறை வைத்துக்கொள்ளுங்கள்.

10. அன்றாடம்

முதல் இரண்டு மாதம் வாரத்துக்கு ஓர் ஊர் என்று ஓடினோம். பிள்ளைகள் சாப்பிடவில்லை, தூங்கவில்லை, நாங்கள் இருவரும் தினமும் சண்டை போட்டோம். மூன்றாவது மாதத்திலிருந்து ஓர் இடத்தில் குறைந்தது 4 வாரம் என்று மாற்றினோம், அதற்குப் பிறகுதான் அது வாழ்க்கை மாதிரி ஆனது. வாடகைத் தளங்களில் 28 இரவுக்கு மேல் எடுத்தால் மாதத் தள்ளுபடி தரும் வீடுகள் நிறைய, அதனால் செலவும் குறைந்தது.

வீடு தேடும்போது படங்களின் அழகைப் பார்க்காமல் துணி துவைக்கும் இயந்திரம், நான்கு பேருக்குச் சமைக்கும் அளவுக்கு அடுப்பு, மூடிக்கொள்ளக் கதவு உள்ள தனிப் படுக்கையறை, நடக்கும் தூரத்தில் காய்கறிக் கடை, விளையாட்டுத் திடல் ஆகியவற்றைப் பாருங்கள். கதவு ரொம்ப முக்கியம். எல்லோரும் ஒரே அறையில் படுத்தால் பிள்ளைகள் தூங்கிய பிறகு நாம் இருட்டில் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். இணைய வேகத்தை வீட்டுக்காரரிடம் அளந்து அனுப்பச் சொல்லுங்கள்.

எங்கள் வாரம் இப்படி அமைந்தது. காலை 9 முதல் 11 பாடம். மதியம் வரை வீட்டு வேலை, கடை. பிற்பகலில் வெளியே, ஒரே ஓர் இடம். வாரத்தில் இரண்டு நாள் துவைக்கும் நாள். ஒரு நாள் முழுக்க எதுவுமே இல்லாத நாள், பெரியவர்கள் படுத்துக் கிடக்கலாம், பிள்ளைகள் கார்ட்டூன் பார்க்கலாம். ஞாயிறு மாலை அந்த வாரச் செலவைக் கூட்டிப் பார்ப்போம், விசா நாள் எத்தனை மிச்சம் என்பதையும் அப்போதே எழுதுவோம். இடம் மாறும் நாளில் வேறு எந்தத் திட்டமும் கிடையாது, இறங்கிய அன்று இரவுச் சாப்பாடு எங்கே என்பதை மட்டும் முன்பே முடிவு செய்துவிடுவோம்.

ஊர் மாறினாலும் மாறாத மூன்று விஷயம் பிள்ளைகளுக்கு வேண்டும். எங்களுக்கு அவை மகனின் போர்வை, படுக்கும் முன் ஒரு கதை, எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் ராத்திரிச் சாப்பாட்டு நேரம். போர்வையை எந்தக் காரணத்துக்காகவும் பெரிய பெட்டியில் போடாதீர்கள், பெட்டி ஒருமுறை இரண்டு நாள் தாமதமாக வந்தபோது அவன் அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது.

பெரியவர்களுக்கும் வேண்டும். வாரத்தில் அரை நாள் அவர் தனியாக, அரை நாள் நான் தனியாக. 24 மணி நேரமும் நான்கு பேரும் ஒன்றாகவே இருப்பது எவ்வளவு அன்பான குடும்பத்துக்கும் கடினம். இதை வெட்கப்படாமல் முதல் வாரத்திலேயே பேசி முடிவு செய்யுங்கள்.

நான்காம் மாதத்தையொட்டி மகள் தினமும் தோழியின் பெயரைச் சொல்லி அழ ஆரம்பித்தாள். சமாதானம் சொல்லிப் பார்த்தோம், பொம்மை வாங்கிப் பார்த்தோம், எதுவும் உதவவில்லை. உதவியது இரண்டு. தோழியோடு வாரம் ஒரு நாள் குறித்த நேரத்தில் வீடியோ அழைப்பு, அதோடு அடுத்த இடமாற்றத்தைத் தள்ளிப்போட்டு அதே தெருவில் இன்னும் ஒரு மாதம் இருந்தது. தினமும் ஒரே திடலுக்கு ஒரே நேரத்தில் போனால் பத்து நாளில் ஒரு சிநேகிதம் கிடைத்துவிடும், மொழி தெரியாவிட்டாலும் பந்து போதும். பொது நூலகங்களில் குழந்தைகள் பகுதிக்குள் பல ஊர்களில் உறுப்பினர் அட்டை இல்லாமலே போய் உட்காரலாம்.

11. பள்ளிப் பாடம்

பள்ளியிடம் வாய்மொழியாகச் சொல்லிவிட்டுக் கிளம்பாதீர்கள். எத்தனை மாதம் வரை இடத்தை வைத்திருப்பார்கள், திரும்பும்போது எந்த வகுப்பில் சேர்ப்பார்கள், தேர்வு வைப்பார்களா என்பதை எழுத்தில் வாங்குங்கள். வீட்டுக் கல்விக்கு அரசிடம் பதிவு செய்ய வேண்டிய நாடுகள் உண்டு, அனுமதிக்காத நாடுகளும் உண்டு. கணக்கும் தாய்மொழியும் தினமும் நடந்தால் போதும், மற்றதெல்லாம் பயணத்திலேயே வந்துவிடுகிறது என்பது எங்கள் அனுபவம். செய்த வேலைகளைத் தேதியோடு ஒரு நோட்டில் வைத்திருந்தோம், திரும்பியபோது ஆசிரியர் அதைப் பார்த்துத்தான் வகுப்பை முடிவு செய்தார்.

12. திரும்புவதற்கு ஆறு வாரம் முன்

பள்ளிக்கு எழுதுங்கள், வீட்டுக்கு ஆளைச் சொல்லிவையுங்கள், குழந்தையின் விடுபட்ட தடுப்பூசிகளுக்கு மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள். வந்திறங்கிய மறுநாளே வேலையிலோ பள்ளியிலோ சேரும்படி வைக்காமல் பத்து நாளாவது இடைவெளி விடுங்கள்.

இன்னொரு வேலையைத் திரும்பும் விமானத்திலேயே முடித்துவிடலாம். எந்த நாட்டுக்குள் எந்தத் தேதியில் நுழைந்தோம், எந்தத் தேதியில் வெளியேறினோம் என்று நான்கு பேருக்கும் தனித்தனியாக எழுதி, முத்திரைப் பக்கங்களைப் படம் எடுத்து அதோடு சேர்த்து வையுங்கள். அடுத்த விசா விண்ணப்பத்தில் பல ஆண்டுப் பயண விவரம் கேட்பார்கள், வரிக் கணக்கிலும் நாட்டில் இருந்த நாள்களைக் கேட்பார்கள். முத்திரையே குத்தாத எல்லைகள் இப்போது பெருகிவருகின்றன, அவற்றுக்கு போர்டிங் அட்டைதான் சாட்சி, அதை எறிந்துவிடாதீர்கள்.